சோலில் ஒரே பகலில் ஹன்போக்கும் தொக்போக்கியும்: எது முதலில், எப்படி?

நெய்தல்கரை (இழையைத் தொடங்கியவர்)

அக்டோபர் கடைசியில் நான்கு பேராகத் தென்கொரியத் தலைநகர் சோல் போகிறோம். கியோங்போக்குங் அரண்மனையில் கொரிய மரபு உடையான ஹன்போக் உடுத்திப் பார்க்க வேண்டும், தெருக்கடையில் சிவப்புக் குழம்பில் வேகும் காரமான அரிசி உருளையான தொக்போக்கி சாப்பிட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு பகல்தான் இருக்கிறது. ஒருவர் சுத்த சைவம். இன்னொருவர் மாடும் பன்றியும் தொடமாட்டார். வாடகை ஹன்போக்கோடு அப்படியே சந்தைக்குப் போகலாமா? அவர்கள் காரம் நம் காரத்துக்கு எப்படி? சைவருக்கு என்ன வழி? தேடிய இடமெல்லாம் "போனால் தவறவிடாதீர்கள்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

தறிச்சத்தம்

உடையை முதலில் முடியுங்கள். காலை ஒன்பதரைக்கு வாடகைக் கடை, பத்து மணிக்கு அரண்மனை, மதியம் உடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தத் துணியில் சந்தை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். காரணம் கறை.

தொக்போக்கிக் குழம்பின் சிவப்பு, மிளகாய்ப் பழத்தில் உள்ள காப்சாந்தின் என்ற நிறமியால் வருவது. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். வாடகை ஹன்போக்குகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் துணி. எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும் இழை அது. மேலே பொன் அச்சும் மெல்லிய வலைத்துணியும் இருக்கும். ஈரத்துணியால் தேய்த்தால் கறை பரவும், அச்சும் உரியும். தப்பித் தெறித்துவிட்டால் காகிதக் கைக்குட்டையால் ஒற்றி மட்டும் எடுங்கள், வெந்நீர் படக் கூடாது, கடைக்காரரிடம் மறைக்காமல் காட்டிவிடுங்கள். சலவைக் கட்டணம் கடைக்குக் கடை மாறும். முன்பணம் எவ்வளவு, கறைக்கு எவ்வளவு, தாமதத்துக்கு எவ்வளவு என்று எடுக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கியோங்போக்குங்கும் அரச முன்னோர் கோயிலான சோங்மியோவும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். சாங்தொக்குங், சாங்கியோங்குங், தொக்சுகுங் என்ற மூன்று அரண்மனைகளும் திங்கள் மூடியிருக்கும். ஹன்போக் உடுத்தியிருந்தால் இந்த ஐந்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. கியோங்போக்குங் சீட்டு 3,000 வொன்தான், பெரிய சேமிப்பு இல்லை. சாங்தொக்குங்கின் பின்தோட்டத்துக்கு மட்டும் ஹன்போக் உடுத்தினாலும் தனிச் சீட்டு எடுக்க வேண்டும்.

வேப்பம்பூ

ஹன்போக் மேல்சட்டையை மட்டும் ஜீன்ஸுக்கு மேலே போட்டுக்கிட்டா இலவசமா விடுவாங்களா? ஆண்கள் பாவாடை கட்டினா விடமாட்டாங்கன்னு ஒரு பதிவுல படிச்சேன்.

தறிச்சத்தம்

மேலும் கீழும் இரண்டும் இருக்க வேண்டும்: ஜோகொரி என்ற மேல்சட்டை, அதோடு ச்சிமா என்ற பாவாடை அல்லது பாஜி என்ற கால்சட்டை. ஒன்று மட்டும் போதாது. அன்றாட உடுப்பாகத் தைத்த எளிய ஹன்போக்கும் இந்த அமைப்பில் இருந்தால் ஏற்பார்கள்.

ஆண் ஆண் உடையும் பெண் பெண் உடையும் அணிந்தால்தான் இலவசம் என்ற நிபந்தனை முன்பு இருந்தது உண்மை. அது பாகுபாடு என்று தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னபின் 2019-ல் நீக்கிவிட்டார்கள். நீங்கள் பார்த்த பதிவு பழையது.

அடுப்பங்கரை

சாப்பாட்டுப் பக்கத்தை நான் எடுத்துக்கிறேன்.

முதல்ல தொக்போக்கின்னா என்னன்னு பிரிச்சுப் பார்க்கணும். தொக் என்பது பச்சரிசி மாவை ஆவியில வேகவெச்சு, இடிச்சு, குழாய் மாதிரி நீட்டின உருளை. நம்ம கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம், ஆனா கடிச்சா ரப்பர் மாதிரி இழுக்கும். குழம்புக்கு அடிப்படை நெத்தலிக் கருவாடும் கடற்பாசியும் கொதிக்கவெச்ச நீர். அதுல கொச்சுஜாங் விழுது, கொச்சுகாருங்கிற கொரிய மிளகாய்த்தூள், சர்க்கரை, சோயா சாஸ். கூடவே ஒமுக்னு சொல்ற மீன்விழுதுத் தகடு, வெங்காயத்தாள், அவிச்ச முட்டை.

கொச்சுஜாங் வெறும் மிளகாய் விழுது இல்லை. மிளகாய்த்தூள், ஒட்டும் அரிசி, புளிக்கவெச்ச சோயாபீன்ஸ் தூள், முளைகட்டின பார்லி, உப்பு எல்லாம் கலந்து மாசக்கணக்கா ஊறவெச்சது. அதனால இனிப்பு முன்னாடி வரும், காரம் பின்னாடி வரும். நம்ம ஊர் நாக்கு ஏமாறுற இடம் இதுதான். முதல் வாய்ல "இவ்வளவுதானா"ன்னு தோணும். நாலாவது, அஞ்சாவது உருளைக்குள்ள உதடு எரியும், நெத்தி வேர்க்கும். சர்க்கரை காரத்தை மறைக்குமே தவிர குறைக்காது.

இன்னொரு காரணம் சூடு. மிளகாயில இருக்கிற காப்சைசின் நாக்குல எந்த நரம்பு முனையைத் தூண்டுதோ, அதே முனை 43 டிகிரிக்கு மேல வெறும் சூட்டுக்கும் துடிக்கும். தட்டையான இரும்புச் சட்டியில கொதிச்சுக்கிட்டே இருக்கிறதை நேரா வாயில போட்டா ரெண்டும் சேர்ந்து அடிக்கும். குச்சியில குத்திக் கொஞ்சம் ஆறவிட்டா அதே தொக்போக்கி காரம் குறைவாத்தான் தெரியும்.

அளவு தெரியணும்னா கொச்சுஜாங் டப்பாவைப் பாருங்க. கொரியாவுல அதுக்குன்னு ஜி.ஹெச்.யு.ன்னு ஒரு காரக்கணக்கு இருக்கு, அஞ்சு படி: 30-க்குக் கீழ மென்மை, 30–45 குறைவான காரம், 45–75 நடுத்தரம், 75–100 காரம், 100-க்கு மேல கடுங்காரம். கடையில வாங்கி ஊருக்குக் கொண்டுவரதா இருந்தா 45–75 படி எடுங்க. கடுங்காரம் எடுத்தீங்கன்னா குழம்புக்கு வேண்டிய கெட்டி வர்ற அளவு போடவே முடியாது.

பொன்னாங்கண்ணி

அடுப்பங்கரை அக்கா, தெருக்கடையில் "காரம் குறைத்துப் போடுங்கள்" என்று கேட்டால் செய்வார்களா?

அடுப்பங்கரை

தெருவண்டியில முடியாது தம்பி. பெரிய சட்டியில ஏற்கெனவே கொதிச்சுக்கிட்டு இருக்கிறதை அள்ளித் தர்றாங்க, மாத்த ஒண்ணும் இல்லை. அங்க கேட்க வேண்டிய கேள்வி "இகொ மேவொயோ?", அதாவது இது காரமா. ஆனா "அன் மேவொயோ", காரம் இல்லைன்னு பதில் வந்தா அது அவங்க நாக்குக்கு. அதை நம்பி ஒரு தட்டு முழுசா வாங்காதீங்க. நாலு பேருக்கு ஒரு தட்டு வாங்கிப் பாருங்க.

உட்கார்ந்து சாப்பிடுற கடைன்னா "தொல் மெப்கே ஹெ ஜுசெயோ" சொல்லலாம், குறைச்சுத் தருவாங்க. சங்கிலிக் கடைகள்ல படி எழுதியே இருக்கும்: சுன்ஹான்மாத் மென்மை, போத்தோங்மாத் நடுத்தரம், மேவுன்மாத் காரம். இந்தச் சங்கிலிக் கடைக்காரங்க "போத்தோங்" பல நேரம் தெருவண்டி தொக்போக்கியை விடக் காரமா இருக்கும். மிளகாயிலிருந்து பிரிச்செடுத்த காப்சைசின் சாறு சேர்த்த சாஸ் ஊத்துற இடமும் உண்டு. அந்தக் காரத்துல சுவை கிடையாது, வெறும் எரிச்சல்தான். நம்ம ஆளுங்க "நாங்க ஆந்திராக் காரமே தின்னவங்க"ன்னு வீம்புக்கு அதை எடுக்கிறதை நான் ஆதரிக்க மாட்டேன். வெறும் வயித்துல எடுத்தா அன்னிக்கு மிச்ச நேரம் போச்சு.

தெற்குமலை

காரம் ஏறினால் தண்ணீர் வேண்டாம். காப்சைசின் தண்ணீரில் கரையாது. தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்பும். பாலில் உள்ள கேசீன் புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். தொக்போக்கிமேல் பாலாடைக்கட்டி போட்டுத் தருவதற்கும் இது ஒரு காரணம். எந்தச் சந்தைக்குப் பக்கத்திலும் இருபத்துநாலு மணி நேரக் கடை இருக்கும், அங்கே வெறும் பாலோ வாழைப்பழப் பாலோ முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் தருவார்கள், அது வாயை மாற்றும், காரத்தை எடுக்காது. ஒமுக் வேகும் சூடான நீரைக் காகிதக் குவளையில் ஊற்றிக் குடிப்பது அங்கே வழக்கம், சுவையும் நன்றாக இருக்கும். எரியும்போது மட்டும் அதைக் குடிக்காதீர்கள், சூடு எரிச்சலைக் கூட்டும்.

நெய்தல்கரை

சைவர் பற்றி யாராவது? ஒமுக்கை எடுத்துவிட்டு உருளையை மட்டும் சாப்பிட்டால் போதாதா?

குடைமிளகாய்

போதாது. இந்தத் தவறைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். மீன் தகட்டை எடுத்தாலும் குழம்பே நெத்தலி நீர். தெருக்கடைத் தொக்போக்கியைச் சைவம் என்று நினைக்கவே வேண்டாம். "கோகி ப்பே ஜுசெயோ" என்றால் இறைச்சித் துண்டை எடுங்கள் என்று மட்டும் பொருள்; சாற்றை அது தொடாது, மீனையும் தொடாது. கேட்க வேண்டியது: "மியொல்ச்சி யுக்சு தூரொகாயோ?" நெத்தலிச் சாறு சேர்கிறதா?

கிம்ச்சியும் பெரும்பாலும் சைவம் இல்லை. உப்பிட்ட இறால், நெத்தலிச் சாறு இரண்டில் ஒன்றாவது இருக்கும். பச்சைப்பயறு அரைத்துச் சுடும் பின்தேதொக் பார்க்க நம் அடை மாதிரி இருக்கும். சோலின் குவாங்ஜாங் சந்தையின் அடையாளமே அதுதான். மாவில் பன்றி இறைச்சியோ கிம்ச்சியோ கலந்திருக்கலாம், பன்றிக் கொழுப்பில் சுடும் பழக்கமும் உண்டு. உங்கள் குழுவில் பன்றி தொடாதவரும் இதைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். த்விகிம் என்ற பஜ்ஜி வகையில் சர்க்கரைவள்ளி பஜ்ஜி உண்டு, ஆனால் கணவாயும் இறாலும் பொரிந்த அதே எண்ணெய்.

சைவர் பயமின்றி எடுக்கக்கூடியவை: சுட்ட சர்க்கரைவள்ளி, சுட்ட செஸ்ட்நட், கரியில் வாட்டித் தேன் தொட்டுத் தரும் வெறும் அரிசி உருளை, பழுப்புச் சர்க்கரை உள்ளே வைத்த ஹோத்தொக் அப்பம். மீன் உருவத்தில் வார்க்கும் புங்கொப்பாங்கில் மீன் கிடையாது, உள்ளே சிவப்புப் பயறு. மாவில் முட்டை சேரலாம். இவற்றில் எதுவும் காரம் இல்லை.

காரம்தான் வேண்டும் என்றால் கியோங்போக்குங்குக்கு மேற்கே நடந்து போகும் தூரத்தில் தோங்இன் சந்தை. அங்கே கிரும் தொக்போக்கி கிடைக்கும். விரல் அளவு மெல்லிய உருளைகளைக் கொச்சுகாருவோடு பிரட்டி எண்ணெயில் இரும்புத் தட்டில் வதக்குவது. குழம்பு இல்லாததால் நெத்தலி நீருக்கு வேலை இல்லை. மிளகாய் போடாத சோயா வகையும் உண்டு. நெத்தலிக் கேள்வியை அங்கேயும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அடுப்பங்கரை

தோங்இன் நல்ல யோசனை. அங்க பித்தளைக் காசு முறை ஒண்ணு இருக்கு: துளை போட்ட பழங்காலக் காசை வாங்கிக்கிட்டு, காலித் தட்டோட கடைகடையாப் போய்க் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம். நாலு விதமான வயிறு இருக்கிற குழுவுக்கு இது பொருத்தம். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டினா காசு விக்கிறது நின்னுடும், ரெண்டு மணிக்குள்ள போய்ச் சேருங்க. திங்கள் அங்க ஓய்வு.

வடக்குவாசல்

தெருவண்டி, தோங்இன், சின்தாங்-தோங் என்ற மூன்று இடங்களும் மூன்று விதம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொக்போக்கி முதலில் சிவப்பே இல்லை. அரண்மனைச் சமையலில் அது சோயா, மாட்டிறைச்சி, காய்கறி சேர்த்த வதக்கல். சிவப்பு வகை 1953-ல் சோலின் சின்தாங்-தோங்கில் மா போக்-ரிம் என்ற அம்மையார் தொடங்கியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தத் தெரு இன்றும் தொக்போக்கித் தெருவாகவே இருக்கிறது. அங்கே கிடைப்பது ஜுக்சொக் வகை: மேசையிலேயே அடுப்பு, பச்சையாகக் கொண்டுவந்து வைப்பார்கள், நீங்களே கொதிக்கவைக்க வேண்டும். கொச்சுஜாங்கோடு கறுப்பு அவரை விழுதும் சேர்வதால் காரம் மென்மையாக இருக்கும். குறைந்தது இரண்டு பேர் அளவு வாங்க வேண்டும். நூடுல்ஸைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் அது நீரை உறிஞ்சிவிடும், உருளை வேகும் முன் அடி பிடிக்கும். முடிவில் மிச்சக் குழம்பில் சோறு போட்டு வறுத்துத் தருவார்கள். முழுக் குழம்பையும் வழித்துச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

அரிசி உருளையா கோதுமை உருளையா என்பதையும் கேளுங்கள். சல்தொக் அரிசி, மில்தொக் கோதுமை. அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் அரசு மாவு உணவை ஊக்குவித்ததால் கோதுமை உருளை பரவியது. குழம்பை நன்றாக உறிஞ்சுவது கோதுமைதான், நேரமானாலும் மென்மை குறையாது. அரிசி உருளையை வாங்கியவுடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

அடுப்பங்கரை

இதுல நான் மாறுபடுறேன். தெருவண்டிக்குக் கோதுமை சரி. ஆனா மெல்லுற சுகம் அரிசியிலதான். அதுலயும் பூசான் பக்கம் தடிமனான அரிசி உருளையைக் கெட்டிக் குழம்புல முள்ளங்கியோட வேகவெப்பாங்க. அதைச் சாப்பிட்டா கோதுமைன்னு பேச மாட்டீங்க.

வடக்குவாசல்

பூசான் வகை தனி, ஒப்புக்கொள்கிறேன். சோலின் வண்டிகளுக்கு என் கருத்து அதே.

வேப்பம்பூ

உடைக்குத் திரும்பலாமா? கடையில அவங்களே உடுத்தி விடுவாங்களா? சேலை கட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது சுலபமா?

தறிச்சத்தம்

கடையில் உதவுவார்கள், ஆனால் கூட்டமான காலையில் ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்புவார்கள். பாதி வழியில் அவிழ்ந்தால் நீங்களே கட்ட வேண்டும். ஆகவே முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சேலைப் பழக்கம் ஒரு விதத்தில் தடை. சேலையின் பிடி இடுப்பில். ச்சிமாவின் பிடி மார்புக்கு மேலே. இடுப்பில் இறக்கிக் கட்டினால் நீளம் தரையில் புரளும், ஜோகொரிக்குக் கீழே பட்டி தெரியும். முதலில் உள்பாவாடை. அதன்மேல் ச்சிமா, திறப்பு முதுகுப் பக்கம், ஓரம் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏற வேண்டும். வெளியே தெரியும் ஓரம் உங்கள் இடப்பக்கம் வர வேண்டும். நடக்கும்போதும் படி ஏறும்போதும் அந்த ஓரத்தை இடக்கையால் சற்றுத் தூக்கிப் பிடிப்பது முறை. நாடாவை முன்னால் கொண்டுவந்து கட்டும்போது நடுவில் முடிச்சுப் போடாதீர்கள், சற்று ஓரமாகப் போடுங்கள். இல்லையென்றால் ஜோகொரியின்மேல் அந்த முடிச்சு புடைத்துத் தெரியும். இப்போது பல கடைகளில் தோள்பட்டை வைத்துத் தைத்த ச்சிமாதான், அதில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து ஜோகொரி. வலப்பக்க மடிப்பு உள்ளே, இடப்பக்க மடிப்பு அதன்மேல். மாற்றிப் போட்டால் உடை தெரிந்தவர் கண்ணில் உடனே படும். கழுத்தில் உள்ள விறைப்பான வெள்ளைப் பட்டைக்கு தோங்ஜோங் என்று பெயர். அதன் இரு முனையும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்த வேண்டும். தோள் தையல் முதுகுப் பக்கம் சரியாதபடி சட்டையைச் சற்று முன்னால் இழுத்துவிடுங்கள். படங்களில் கழுத்து அகன்று தெரிவதற்கு இது சரிந்திருப்பதே காரணம். உள்ளே போடும் பனியன் கழுத்து இறங்கியதாக இருக்கட்டும். வெள்ளைப் பட்டையில் முகப்பூச்சு ஒட்டினால் போகாது, கழுத்துக்குக் கீழே பூச்சு வேண்டாம்.

இப்போது கோரும் என்ற நாடா, இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நீள நாடா மேலே வரும் இடப்பக்க மடிப்பில் இருக்கும், குட்டை நாடா வலப்பக்க மார்பில். குட்டையை நீளத்தின்மேல் குறுக்காகப் போட்டு, அடியில் நுழைத்து மேலே இழுத்து ஒரு முடிச்சு. இப்போது குட்டை மேலே நிற்கும், நீளம் கீழே தொங்கும். மேலே நிற்பதை வளையமாக வளைத்துப் பிடியுங்கள். தொங்கும் நீள நாடாவை இரண்டாக மடித்து அந்த வளையத்துக்குள் நுழைத்து, குட்டையை இழுத்து இறுக்குங்கள். ஒற்றைக் காது உங்கள் இடப்பக்கம் நோக்கிக் கிடையாக நிற்கும், இரண்டு வாலும் கீழே தொங்கும், ஒன்று மற்றதைவிட ஐந்து செ.மீ. போல நீளமாக. செருப்புக் கயிறு மாதிரி இரட்டைக் காது போட்டுவிடுவதுதான் பரவலான தவறு. காது மேல்நோக்கி நின்றால் முதல் முடிச்சைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள், முழுக்க அவிழ்த்து மறுபடி தொடங்குங்கள்.

நொரிகே என்ற தொங்கணியை முடிச்சுப் போடும் முன்பே நீள நாடாவில் கோத்துவிட வேண்டும். பிறகு செருக முடியாது.

பொன்னாங்கண்ணி

ஆண்களுக்கு?

தறிச்சத்தம்

பாஜியின் இடுப்பு மிக அகலம். மிகுதித் துணியை முன்னால் ஒரு பக்கமாக மடித்து நாடாவால் இறுக்க வேண்டும், நம் வேட்டி மடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கணுக்காலில் உள்தையலை உள்பக்கக் கணுவெலும்பில் வைத்து, மிச்சத்தை வெளிப்பக்கக் கணுவரை மடித்து, தேனிம் என்ற நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி உள்கணுவில் முடிச்சு. வாடகைக் கடைகளில் இடுப்பிலும் கணுக்காலிலும் எலாஸ்டிக் வைத்தே இருக்கும், அதனால் பயமில்லை. கருப்பு வலைத் தொப்பியான காத் தாடைக்குக் கீழே கட்டுவது. காற்றடித்தால் கட்டாத தொப்பி பறந்து வலை நசுங்கும், சேதக் கட்டணம் வரும்.

குடைமிளகாய்

எல்லோரும் கட்டமிட்ட பெரிய பாவாடையையும் பின்னால் கட்டும் பெரிய நாடாப் பூவையும் வாடகைக்கு எடுக்கிறார்கள். அது ஹன்போக்கே இல்லை என்று கொரியர்களே வாதிடுகிறார்களே?

தறிச்சத்தம்

வாதம் உண்மை. கம்பி வளையம் வைத்து மணிபோல விரித்த பாவாடையும் முதுகில் கட்டும் பூவும் மரபில் இல்லை. 2018-ல் சோலின் சோங்னோ மாவட்ட நிர்வாகமே இத்தகைய கலப்பு ஹன்போக்குக்கு இலவச நுழைவு தேவையா என்ற கேள்வியை எழுப்பியது. மரபு ச்சிமாவின் அகலம் கம்பியால் வருவதில்லை. பல அடுக்கு உள்ளாடைகளால் வருவது. அதனால்தான் நடக்கும்போது அது அலைபோல அசையும், கம்பி வைத்தது மணிபோல ஆடும்.

என் நிலை இது: அயலார் ஹன்போக் உடுத்துவதில் அங்கே மனத்தாங்கல் இல்லை, இலவச நுழைவே உடையைப் புழக்கத்தில் வைக்கத்தான். ஆனால் இவ்வளவு தூரம் போய் உடுத்துகிறவர் மரபு வகையைக் கேட்டு எடுக்க வேண்டும். "சொன்தோங் ஹன்போக்" என்று கேளுங்கள், தனி அடுக்கில் இருக்கும், விலை சற்று மேலே. நிறத்துக்கும் பொருள் உண்டு. மஞ்சள் ஜோகொரியும் சிவப்பு ச்சிமாவும் மணமாகாத பெண்ணுக்குரியது, பச்சை ஜோகொரியும் சிவப்பு ச்சிமாவும் புதுமணப்பெண்ணுக்கு. பின்னலில் நாடா மணமாகாதவருக்கு, கொண்டையில் ஊசி மணமானவருக்கு.

வடக்குவாசல்

நான் இதில் கொஞ்சம் தளர்வு. குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் கலப்பு வகை எடை குறைவு, உடுத்துவதும் எளிது. வற்புறுத்தத் தேவையில்லை.

தெற்குமலை

அக்டோபர் கடைசியில் காலை பத்து டிகிரிக்கு அருகில் இருக்கும். உள்ளே மெல்லிய கம்பளிப் பனியனும் கால் இறுக்கியும் போடுங்கள், ஹன்போக்கின் அகலத்தில் வெளியே தெரியாது. ச்சிமா செருப்பை மறைக்கும் நீளம், அதனால் ஓடும் காலணியே போதும். கடையில் நீளம் பார்க்கும்போதே அதே காலணியைப் போட்டுப் பாருங்கள். கியோங்போக்குங்கின் குவாங்ஹ்வாமுன் வாயிலில் காவலர் மாற்றம் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும். பத்து மணியைப் பிடிக்க வேண்டும் என்றால் கடைக்கு ஒன்பதுக்கே போங்கள், முடி அலங்காரத்துக்கே இருபது நிமிடம் போகும்.

புக்சோன் பழைய வீட்டுத் தெருக்களிலும் படம் எடுக்க ஆசை வரும். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். நெரிசலான 11-ஆம் சந்துப் பகுதியில் மாலை 5 முதல் காலை 10 வரை சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது, 2025 மார்ச் முதல் 100,000 வொன் அபராதம்.

வேப்பம்பூ

ஊருக்கு வந்தப்புறம் வீட்டுல தொக்போக்கி செய்ய முடியுமா? இடியாப்ப மாவுல உருட்டினா கரைஞ்சு போகுதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தாங்க.

அடுப்பங்கரை

கரையத்தான் செய்யும். கொரிய அரிசி குட்டை அரிசி, ஒட்டுற தன்மை அதிகம். நம்ம பச்சரிசி உதிரியா வேகுற ஜாதி. வெறும் இடியாப்ப மாவுல செஞ்சா ஆறினதும் வெடிக்கும், குழம்புல மாவு கரைஞ்சு கஞ்சியாகும். மூணு பங்கு மாவுக்கு ஒரு பங்கு மரவள்ளி மாவு, கொதிக்கிற நீர் ஊத்திப் பிசைஞ்சு, ஆவியில இருபது நிமிஷம் வேகவெச்சு, சூடு இருக்கும்போதே எண்ணெய் தொட்டுப் பத்து நிமிஷம் அடிச்சுப் பிசையணும். அந்த அடிதான் இழுவை தரும். அதைத் தவிர்த்துட்டா கொழுக்கட்டைதான்.

கடை உருளைன்னா ரெண்டு பேருக்கு 400 கிராம். குளிர்பதனத்துல இருந்து எடுத்தது கல்லா இருக்கும், அரை மணி நேரம் தண்ணியில ஊறட்டும். ஊறாம போட்டா வெளியே வெடிச்சு உள்ளே வேகாது. 600 மி.லி. நீர், உள்ளங்கை அளவு கடற்பாசி, தலையும் குடலும் நீக்கின நெத்தலி பத்து. பதினஞ்சு நிமிஷம் கொதிக்கவெச்சு வடிகட்டு. குடலை நீக்காட்டிக் கசக்கும். சைவத்துக்கு நெத்தலிக்குப் பதில் காய்ஞ்ச ஷிடாகே காளான் மூணு. கொச்சுஜாங் மூணு மேசைக்கரண்டி, கொச்சுகாரு ஒண்ணு, சர்க்கரை ஒண்ணரை, சோயா சாஸ் ஒண்ணு. உருளையைப் போட்டு நடுத்தீயில பத்துப் பன்னெண்டு நிமிஷம் கிளறிக்கிட்டே இருக்கணும். கிளறாட்டி அடி பிடிக்கும்.

காரம் பத்தலைன்னு கொச்சுஜாங்கைக் கூட்டாதீங்க. குழம்பு கெட்டியாகிப் புளிப்பும் உப்பும் ஏறும். காரத்துக்குக் கொச்சுகாரு, குழம்போட கெட்டிக்குக் கொச்சுஜாங். கொச்சுகாரு கிடைக்கலைன்னா சாத்தூர் சம்பா மிளகாய்த்தூளை அதே அளவு போடவே கூடாது. கொச்சுகாரு விதை நீக்கின கொரகொரப்பான தூள், நிறம் அதிகம், காரம் குறைவு. காஷ்மீரி மிளகாய்தான் கிட்டத்தட்ட வரும்.

நெய்தல்கரை

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: தெருவண்டியில் நின்று சாப்பிடும் முறை? காசு எப்போது கொடுப்பது?

குடைமிளகாய்

விலைப்பலகையைப் பார்த்துவிட்டு "தொக்போக்கி இரின்புன் ஜுசெயோ", ஒரு பங்கு தாருங்கள். கடை நடத்தும் அம்மாவை "இமோ" என்று கூப்பிடுவதைக் கேட்பீர்கள். அது சித்தி, பெரியம்மா முறை. அயலார் "சாஜாங்னிம்" என்று கூப்பிட்டால் மரியாதை குறையாது. ஒமுக் குச்சிகளை நீங்களே எடுத்துச் சாப்பிட்டு, காலிக் குச்சியைத் தட்டில் வைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் குச்சியை எண்ணித்தான் காசு. சோயா சாஸில் குச்சியை முக்காதீர்கள், அங்கே இருக்கும் தூரிகையால் தடவிக்கொள்ளுங்கள். தட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பை மாட்டித் தருவது கழுவும் வேலையை மிச்சப்படுத்த. அதை உருவ வேண்டாம். பல வண்டிகளில் உள்ளூர்க்காரர் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள், உங்களுக்கு அது முடியாது, 1,000, 5,000 வொன் தாள்களாக வைத்திருங்கள். தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம். வாங்கிய வண்டியிலேயே குச்சியையும் குவளையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

தறிச்சத்தம்

உடைப் பக்கம் ஒன்று விட்டுப்போயிற்று. திருப்பிக் கொடுக்கும் நேரம் உடுத்தி முடித்த நொடியிலிருந்தா, கடைக்குள் நுழைந்த நொடியிலிருந்தா என்று கடைக்குக் கடை வேறு கணக்கு. இரண்டு மணி நேர வாடகையில் முடி அலங்காரமும் சேர்ந்துவிட்டால் அரண்மனைக்கு ஒன்றரை மணி நேரம்கூட மிஞ்சாது. நான்கு பேர் என்றால் நான்கு மணி நேர வாடகை எடுங்கள். அன்று மழை பெய்தால் ச்சிமாவின் விளிம்பு சேறு ஏறும், அதற்கும் சலவைக் கட்டணம் உண்டு. அரண்மனை முற்றம் மணல்தரை.